அத்தை கொடுத்த சிறுநீரகம்

என் பிரியமான அத்தை,

கனி எழுதுகிறேன். உங்கள் ஒரே மகன் சேகரைக் கட்டிக்கொண்டு, தெற்கிலிருந்து வந்து பிள்ளைப்பாக்கத்து வீட்டில் நுழைந்த அதே கனிதான். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உங்களிடம் பேசாமல் இருந்ததில்லை. சமையல்கட்டில் நின்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை என்று உங்களுக்கும் தெரியும். “கனி, இந்தக் கிட்னி இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பொருள் உங்களுடையது அல்லவா?

உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தரும் கம்பெனியில் நான் லைனில் இருந்தேன், சேகர் ஸ்டோர்ஸில் இருந்தார். ஒருநாள் மாலையும் கழுத்துமாக வந்து நின்றோம். நீங்கள் என்னிடம் பேசாமல் சுவரைப் பார்த்துப் பேசினீர்கள். “இன்னா பாஷ பேசுறா இவ? அங்கிட்டுன்றா, இங்கிட்டுன்றா. ஒரு எழவும் புர்ல.” எனக்கும் உங்கள் பேச்சு பாதிதான் புரிந்தது. அதனால் முதல் வருடம் சண்டைகூடச் சரியாக நடக்கவில்லை.

இரண்டாவது வருடம் காலையில் எழுந்தால் என் கண் இரண்டும் வீங்கியிருந்தன. எதைத் தின்றாலும் வாந்தி. நீங்கள் வேறு விசேஷம் என்று நினைத்துவிட்டீர்கள். அந்த ஒரு வாரம்தான் என்னைத் தண்ணீர்க்குடம் தூக்க விடவில்லை. பிறகு டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்து, ஸ்கேன் எடுத்து, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து சேகர் சொன்னதும், நீங்கள் எழுந்து போய்க் கோழிக்குத் தவிடு வைத்தீர்கள்.

டயாலிசிஸ் தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் சென்னைக்குப் போவதும், வரும்போது தண்டலம் தாண்டும் முன்பே பஸ் ஜன்னலில் தலை சாய்ந்துவிடுவதுமாக இருந்தேன். அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை. தங்கை கொடுக்கத் தயாராக இருந்தாள், அவள் புகுந்த வீட்டார் விடவில்லை. அவளுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை, அவர்களையும் குறை சொல்ல முடியாது. சேகருடைய ரத்த வகை எனக்குச் சேராது என்றுவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. நீங்கள் கருவாடு கழுவிக்கொண்டிருந்தீர்கள். நானும் சேகரும் இனி யாரிடம் கேட்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்.

“எங்கிட்ட யாருமே கேக்கல. என் ரத்தம் இன்னா சாக்கடைத் தண்ணியா?”

“யம்மா, நீ வேற. சும்மா இரு.”

“நான் சும்மாதான் கீறேன். திங்கக்கெழம நானும் வரேன். என்னையும் எடுத்துப் பாக்கச் சொல்லு.”

எடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்களுக்கு ஆச்சரியமே இல்லை.

மாமியார் மருமகளுக்குக் கொடுப்பது சட்டப்படி நெருங்கிய உறவில் வராதாம். ஒரு குழு விசாரித்து அனுமதி தர வேண்டும். நீண்ட மேசைக்குப் பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். “பூங்காவனம் யாரு?” என்று கேட்டபோது நீங்கள் பள்ளிப்பிள்ளை மாதிரி கையைத் தூக்கினீர்கள். உங்கள் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?” என்று கேட்டார் ஒருவர்.

“என்னியா? என்னிய யாரு சார் கட்டாயப்படுத்துறது?”

“மருமகள்கிட்ட அவ்வளவு பிரியமா?”

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். “அது வேற, இது வேற சார்” என்றீர்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் கொடுக்கிறீர்கள் என்று அவர்களும் கேட்டார்கள், நானும் பிறகு பலமுறை கேட்டேன். நீங்கள் ஒரு தடவையும் சொல்லவில்லை. மகன் முகத்துக்காகவா? பிடிவாதமா? நான் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு நீங்கள் என்னை வெறுக்கவே இல்லையா? இப்போது கேட்டால் சொல்வீர்களா?

அறுவை முடிந்து உங்களுக்கு மயக்கம் தெளிந்ததும் நர்ஸைக் கூப்பிட்டு முதலில் கேட்டது, “அவ ஒண்ணுக்குப் போனாளா?” என்பதுதானாம். போயிருந்தேன் அத்தை. ஒரு வருடமாக வராதது பை நிறைய வந்திருந்தது. நர்ஸ் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் ஒரு வெட்டு. உங்களுக்கு விலாவை ஒட்டி முதுகுவரை நீண்ட வெட்டு. “புள்ள பெத்தப்பகூட இப்டி வலிக்கலடீ” என்றீர்கள். கொடுத்தவருக்குத்தான் அதிக வலி என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு மாத்திரைகள். உங்கள் சிறுநீரகம் வந்து ஒட்டிக்கொண்டாலும் என் உடம்புக்கு அது அந்நியம்தான். அதை எதிர்த்துத் துரத்தாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க. அந்தக் கேப்ஸ்யூலின் உறையைப் பிரித்தாலே ஒரு நாற்றம் வரும். “செத்த பல்லி நாத்தம்” என்று நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். ஆனாலும் நான் விழுங்கும்வரை எதிரில் நிற்பீர்கள்.

சில மாதங்களில் என் முகம் எனக்கே தெரியாமல் போனது. கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து மறைந்தது. ஈறு வளர்ந்து பற்களை மூடியது. கன்னத்திலும் மேலுதட்டிலும் முடி முளைத்தது. கை நடுங்கியது. லைனில் என் வேலையே மெல்லிய வயர் முனையைச் சின்ன ஓட்டைக்குள் சொருகுவதுதான். சூப்பர்வைசர் நல்ல மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டு, “உன் ஸ்டேஷன்ல ரிஜெக்‌ஷன் ஏறிக்கினே போவுதும்மா” என்றார். கம்பெனியில் கெட்டுப்போன பீஸுக்கு அந்த வார்த்தை. ஆஸ்பத்திரியில், வைத்த சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் தள்ளினால் அதே வார்த்தை. அன்று ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு கல்யாண வீட்டில் சின்னப்பிள்ளை ஒன்று என்னைக் காட்டி, “மீசை அக்கா” என்றது. மறுவாரம் நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் புதிதாகத் திறந்திருந்த பியூட்டி பார்லருக்குப் போனீர்கள். கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் எல்லாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீங்கள், மடியில் மஞ்சள் பையோடு.

“புது நூலு எடும்மா. கைய சோப்பு போட்டுக் கழுவினு வா. இவளுக்கு எது வோணா ஒட்டிக்கும்.”

அந்தப் பெண் பயந்தே போனாள். எனக்குத் தொற்றுநோய் என்று நினைத்துவிட்டாள். நீங்கள் புரியவைத்த விதம் இருக்கிறதே! என் புடவைக்கு மேலேயே வயிற்றைத் தட்டி, “இது என்னுது. இவகிட்ட கீது. அதான் மாத்திர துண்றா. அதான் மீச” என்றீர்கள். பார்லரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஈறு தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தது அன்றுதான்.

எல்லா நாளும் அப்படி இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை பசியையும் கோபத்தையும் சேர்த்தே கொடுத்தது. சோறு ஆறியிருந்தது என்று ஒருநாள் தட்டை வாசல்வரை வீசினேன். “உங்க கிட்னிய உள்ள வச்சுட்டா என்னைய வெலைக்கு வாங்கிட்டீங்களா?” என்று கத்தினேன். நீங்கள் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினீர்கள். அள்ளி முடித்து நிமிர்ந்து கேட்டீர்கள்.

“இப்ப கத்துனது நீயா, மாத்திரயா?”

“தெரியல அத்தே.”

“மாத்திரன்னா வுடு. நீயின்னா சொல்லு, நானும் பதிலுக்குக் கத்துறேன்.”

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இன்றும் சில கோபங்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. என்னை நானே நம்ப முடியாமல் இருப்பது, மீசையைவிடப் பெரிய கஷ்டம் அத்தை. இதைச் சொன்னால் டாக்டரம்மா தலையாட்டுவார். நீங்கள்தான் பதில் சொல்வீர்கள்.

உங்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, நீங்கள் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனீர்கள். வேண்டாம் என்றோம். “வூட்ல குந்திகினு இன்னா பண்றது?” என்றீர்கள். அப்போது நெடுஞ்சாலையை அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிமெண்டுத் தடுப்புக் கட்டை வைத்து, பழைய குறுக்கு வழியை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் வெகுதூரம் சுற்ற வேண்டும். யாரும் சுற்றவில்லை, எல்லோரும் கட்டையைத் தாண்டினார்கள். நீங்களும் தாண்டினீர்கள். நல்ல வெயில் நேரம். வந்தது கண்டெய்னர் லாரி.

உங்களோடு வேலை செய்தவர்கள் ஓடிவந்து சொன்னபோது நான் மாத்திரையைக் கையில் வைத்திருந்தேன். சேகர் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டத்துக்குள் வரக்கூடாது, கிருமி தொற்றும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று அதையெல்லாம் யார் நினைத்தது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்கா பாத்திரம் அடுக்கிக்கொண்டே சொன்னாள். “ஆப்ரேசன் பண்ணப்புறம் அவளால முன்ன மாரி வேகமா நடக்க முடியல கனி. வேகமா நாலு எட்டு வெச்சா வெலாவப் புடிச்சிகினு நின்னுடுவா. இல்லன்னா ரோட்டத் தாண்டியிருப்பா.” அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது.

நீங்கள்தான் சொல்ல முடியும். நடுரோட்டில் விலா வலித்ததா? ஒரு நொடி நின்றீர்களா? கொடுத்தவர்கள் நன்றாகவே இருப்பார்கள், ஒரு சிறுநீரகம் போதும் என்று டாக்டரம்மா சொல்கிறார். சோதனையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் லாரி வரும்போது ஓட முடிந்ததா என்பதை எந்தச் சோதனையில் பார்ப்பது?

அதற்குப் பிறகு நான் வயிற்றின்மேல் கை வைத்தே தூங்கினேன். சிறுநீரகம் முன்பக்கத்தில், தோலுக்கு அடியிலேயே இருக்கிறதே. அழுத்தினால் கைக்குத் தட்டுப்படும். சேகரும் சில நாள் அங்கே கை வைத்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அடுத்த வருடம் மழை ஓய்ந்த நேரம். செம்பரம்பாக்கம் ஏரி தளும்பிக் கிடந்தது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், இரவெல்லாம் வியர்வை. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அதில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, டி.பி. என்றார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிற உடம்பில் அது எளிதாக நுழைந்துவிட்டது.

டி.பி.க்குக் கொடுத்த மருந்துகளில் முக்கியமான ஒன்று, சிறுநீரக மாத்திரையை ரத்தத்தில் நிற்கவிடாது. டோஸை ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். கை நடுக்கத்தில் தண்ணீர் டம்ளர் பல்லில் இடித்தது. ஆனாலும் ரத்தத்தில் கழிவு ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் வயிற்றில் ஊசி விட்டு உங்கள் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். ரிஜெக்‌ஷன்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். “ஸ்டீராய்டை நரம்பு வழியா அதிகமா ஏத்தினா கிட்னி பிழைக்கலாம். ஆனா டி.பி. பரவிடும், அது உயிருக்கே ஆபத்து. அடக்குற மாத்திரையைக் குறைச்சா டி.பி. கட்டுப்படும். ஆனா கிட்னி போனாலும் போகும். முழுசா ரெண்டையும் பிடிக்க முடியாதும்மா.”

நான் யோசிக்கவே இல்லை. “கிட்னியக் காப்பாத்துங்க டாக்டர்” என்றேன்.

சேகர் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். பார்வை நேரம். வராந்தா முழுக்க ஜனம், சாப்பாட்டுத் தூக்கோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“இன்னா பேச்சு பேசுற நீ?”

“அத்தையோடதுன்னு மிச்சம் இருக்கது இது ஒண்ணுதாங்க. இதையும் நான் விட்டுட்டா?”

“அது எங்கம்மா இல்ல கனி.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எங்கம்மா செத்துட்டா. நான்தான் கொள்ளி வச்சேன். என் கையால வச்சேன். உள்ள கீறது கிட்னி. அவ்ளோதான். அது போனா போவட்டும். நீயும் பூட்டா நான் யாருகிட்ட போயி நிப்பேன்?”

அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் உங்கள் மகன் வாய்விட்டு அழுதார். உங்கள் காரியத்தில்கூட அவர் அப்படி அழவில்லை. ஒரு வருடமாக என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவரும் என்னைப்போலவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. ஒரு ஆயாம்மா வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் உள்ளே போய் டாக்டரம்மாவிடம், “உசுரப் பாருங்க” என்றேன். சொல்லிவிட்டு வயிற்றைத் தொடவில்லை. தொட எனக்குத் தைரியம் இல்லை.

அடக்குகிற மாத்திரைகளைக் குறைத்தார்கள். ஸ்டீராய்டை அளவாகத்தான் கொடுத்தார்கள். டி.பி. மருந்தில் ஒன்றை மாற்றினார்கள். பக்கத்துக் கட்டில் காலியாகி, புதிய ஆள் வந்து, அவரும் போகும்வரை நான் அங்கேயே கிடந்தேன். ஒவ்வொரு காலையும் சிறுநீரை அளந்து பார்க்கும்போது, இன்று நின்றிருக்கும் என்றே எதிர்பார்ப்பேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கழிவின் அளவு ஏறிய இடத்திலேயே தங்கியது. காய்ச்சல் விட்டது. கழுத்துக் கட்டி கரைந்தது. பாதி வேலை செய்கிற சிறுநீரகத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போதைய சேதியும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வந்துவிட்டது, இன்சுலின் ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். இடுப்பெலும்பில் ஒரு வலி. ஸ்டீராய்டால் எலும்பு கெட்டிருக்கலாம், படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. பயமாகத்தான் இருக்கிறது. மாத்திரையை மாற்றியதில் முகத்து முடி குறைந்து, இப்போது தலைமுடி கொட்டுகிறது. தண்டலத்தில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, இதுவும் எத்தனை நாளோ. ரோட்டுப் புழுதிக்கு முகமூடி போட்டுக்கொள்கிறேன். தெற்கிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். “ஓ.டி. வேலை பாத்து பணம் அனுப்புதேன்மா” என்பார்கள்.

நீங்கள் ரோட்டைத் தாண்டிய இடத்தில் இன்னும் ஜனங்கள் கட்டையை ஏறித்தான் தாண்டுகிறார்கள். ஒரகடம் பக்கம் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வருகின்றன, லாரிகளும் கூடிவிட்டன. பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வதை இப்போது விட்டுவிட்டேன். பார்க்கிறேன். உங்களுக்கு வலித்ததா என்ற கேள்வி அங்கேயேதான் நிற்கிறது. அது போகாது போல.

நேற்று வீட்டுக்கு வந்து சேகரிடமும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். “சரி. நின்னா டயாலிசிஸ் போலாம். முன்னயும் போனோமே” என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அத்தை, அதைக் கடைசிவரை காப்பாற்றுவேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது என் கையில் இல்லை. என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். மாத்திரை வேளை தப்பாது. தண்ணீர் குடிப்பேன், உப்பைக் குறைப்பேன், காய்ச்சல் அடித்தால் மறைக்க மாட்டேன். ஒருநாள் அது நின்றுபோனால், நீங்கள் இரண்டாம் முறை செத்ததாக நினைத்து அழ மாட்டேன். அவரையும் அப்படி அழ விட மாட்டேன். போய் டயாலிசிஸ் கட்டிலில் படுப்பேன். பிழைத்துக் கிடப்பேன். கோபம் வந்தால் கத்துவேன், அது யாருடைய கோபமானாலும். சேகர் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்படி மட்டும் விட்டுவிட்டு உங்களிடம் வர மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டு விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்,
உங்கள் மருமகள்
சண்முகக்கனி